பெயருக்குக் கோடி, தைத்தவளுக்குத் தெருக்கோடி!



பருத்தி வியாபாரம் நமக்குத் தெரியும். நூல் வியாபாரம் தெரியும். துணி வியாபாரமும் தெரியும். ஆனால் மனிதன் இடுப்பிலே, வேட்டிக்கும் கால்சட்டைக்கும் உள்ளே, எவர் கண்ணுக்கும் படாமல் கிடக்கும் இரண்டு விரற்கடை எலாஸ்டிக் பட்டியை வைத்து உலக மார்க்கெட்டிலே ஒரு பெரும் வியாபாரம் நடக்கிறதே, அதைப் பற்றி நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

ஜட்டி வியாபாரத்தைத்தான் சொல்லுகிறேன். சிரிக்க வேண்டாம். சிரித்துவிட்டுப் போகிற சங்கதி அல்ல இது. நம் சகோதரிகளின் விரல்களும் கண்களும் இரவுத் தூக்கமும் கலந்த சங்கதி.

அமெரிக்காவில் பேஸ்பால் என்றொரு ஆட்டம். அதிலே பந்து வீசுவதில் புகழ்பெற்றவர் ஜிம் பாமர். 1980களில் அவரை ஜட்டியோடு நிற்க வைத்துப் படம் பிடித்து, ஊரெங்கும் ஒட்டியது ஜாக்கி கம்பெனி. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜார்டனை 1989ஆம் ஆண்டிலே ஹேன்ஸ் கம்பெனி ஒப்பந்தம் செய்தது; பல்லாண்டு காலம் அவர் முகந்தான் அந்த மார்க்கின் முகம். 2003இல் ஸ்வீடன் நாட்டுக் கால்பந்து வீரர் லியுங்பெரி கால்வின் கிளைன் ஜட்டிக்கு நின்றார். அர்மானி கம்பெனி இங்கிலாந்தின் பெக்காமைப் பிடித்தது. பிறகு 2010இல் போர்த்துக்கல்லின் ரொனால்டோவைப் பிடித்தது. 2012இல் பெக்காமின் பெயரால் எச் அண்ட் எம் கம்பெனி உள்ளாடை விற்றது. 2013இல் ரொனால்டோ தம் பெயரிலேயே சொந்தமாக ஒரு ஜட்டி மார்க்கு தொடங்கினார். டென்னிஸ் வீரர் நடால் 2015இல் டாமி ஹில்ஃபிகர் ஜட்டிக்கு வந்தார். ஸ்வீடன் டென்னிஸ் வீரர் பியோன் போர்க்கின் பெயரோ, ஆளைவிட்டுப் பிரிந்து, தனி உள்ளாடைக் கம்பெனியாகவே நடமாடுகிறது. நம் நாட்டிலும் 2018இல் விராட் கோலியின் பெயரோடு ‘ஒன்8’ உள்ளாடை கடைக்கு வந்தது.

கால் நூற்றாண்டு, அரை நூற்றாண்டு என்று இந்த வரிசை நீண்டுகொண்டே போகிறது. ஆட்டக்களத்திலே வியர்வை சிந்தியவரின் பெயருக்கு விலை. தையல் மிஷினிலே வியர்வை சிந்தியவளின் உழைப்புக்கு? அந்தக் கணக்கைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பெயர் விலையாகும் விதம்

பனியன் தொழிலாளி ஒருவரிடம் இரண்டு ஜட்டிகளைக் கொடுத்துப் பாருங்கள். ஒன்றிலே உலகப் புகழ்பெற்ற வீரரின் மார்க்கு. மற்றொன்று பெயரில்லாச் சரக்கு. துணியை விரலால் தேய்த்துப் பார்ப்பார். நூல் ரகம் என்ன, எடை என்ன, ஓவர்லாக் தையல் எப்படி, பிளாட்லாக் தையல் எப்படி என்று நொடியிலே சொல்லுவார். பல சமயம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இராது என்றும் சொல்லுவார். விலைச் சீட்டிலே மட்டும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும்.

அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பஞ்சிலிருந்தா? இல்லை. தையலிலிருந்தா? இல்லை. பெயரிலிருந்து வந்தது.

கம்பெனிக்காரனுக்கு இது நன்றாகத் தெரியும். ஜட்டியும் பனியனும் எவன் வேண்டுமானாலும் தைக்கக்கூடிய சரக்கு. வேறொருவன் நாளைக்கே அதே சரக்கை நாலணா குறைத்துக் கொடுப்பான். ஆகவே மக்கள் மனத்திலே ஒரு மயக்கத்தை உண்டாக்க வேண்டும். ‘ஓட்டப்பந்தயத்திலே வென்றவன் போட்டது இதுதான், கோல் அடித்தவன் போட்டது இதுதான்’ என்று காட்ட வேண்டும். வீரன் பல ஆண்டு பாடுபட்டுச் சேர்த்த மதிப்பை, மக்கள் அவன்மீது வைத்த அன்பை, ஒரு பட்டியிலே பொறித்து விற்றுவிட வேண்டும். விளம்பர ஒப்பந்தம் என்பதன் உட்பொருள் இதுதான்.

இதிலே இன்னொரு வேடிக்கை. இத்தகைய ஒப்பந்தங்களின் தொகை பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை. வக்கீல்கள் பூட்டி வைத்துக்கொள்வார்கள். தைப்பவளின் குறைந்தபட்சக் கூலியோ அரசாங்கக் கெஜட்டிலே அச்சாகி, ஊரறியக் கிடக்கிறது. கோடி வாங்கும் கணக்கு இரகசியம். காசு வாங்கும் கணக்கு பகிரங்கம்!

இடுப்புப் பட்டிக்கும் எஜமானன்

வீரர்களாவது இந்த வியாபாரத்திலே சுதந்திர புருஷர்களா? அதையும் பார்த்துவிடுவோம்.

2012 ஜூன் 13. ஐரோப்பியக் கால்பந்துப் போட்டித் தொடர். உக்ரைன் நாட்டு லிவிவ் நகரிலே டென்மார்க்கும் போர்த்துக்கல்லும் மோதின. டென்மார்க் வீரர் பெண்ட்னர் இரண்டாவது கோலை அடித்து ஆட்டத்தைச் சமனாக்கினார். உற்சாகத்திலே கால்சட்டையைச் சற்று இறக்கிக் காட்டினார். உள்ளே பச்சை ஜட்டி. அதன் பட்டியிலே பாடி பவர் என்ற பந்தயச் சூதாட்டக் கம்பெனியின் பெயர்! ஐரோப்பியக் கால்பந்து நிர்வாகம் கொதித்தெழுந்தது. ஒரு லட்சம் யூரோ அபராதம். ஓர் ஆட்டத்துக்குத் தடை. அபராதத்தை அந்தச் சூதாட்டக் கம்பெனியே கட்டிவிட்டது.

சூதாட்டக் கம்பெனிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதே தொடரிலே வேறொன்று நடந்தது. இத்தாலியோடு நடந்த ஆட்டத்தில் குரோஷியா ரசிகர்கள் கறுப்பின வீரர் ஒருவரை இழிவுபடுத்திக் கூச்சலிட்டார்கள். வாணங்களையும் கொளுத்தி எறிந்தார்கள். அதற்குக் குரோஷியச் சங்கத்துக்கு விதித்த அபராதம் எவ்வளவு தெரியுமா? 80,000 யூரோ!

மனிதனை நிறத்தால் இழிவுபடுத்தினால் எண்பதாயிரம். பணம் கட்டாத கம்பெனியின் பெயரை ஜட்டியிலே காட்டினால் ஒரு லட்சம். ஏன்? மைதானத்தின் பலகைகளும், சட்டையின் மார்பும், வீரனின் கால்சட்டையும் ஏற்கெனவே வேறு முதலாளிகளுக்கு விற்கப்பட்டுவிட்டன. விற்ற இடத்திலே இன்னொருவன் புகுந்தால் பொறுப்பார்களா? மனித மானத்துக்குக் காவல் குறைவு. விளம்பர உரிமைக்குக் காவல் அதிகம்.

இதை மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி நினைத்தால் ஒரு ஒப்பந்தத்தை இரும்புச் சங்கிலிபோல் காப்பாற்ற முடியும். ஆளை நியமிக்கிறான், கண்காணிக்கிறான், மீறினால் தண்டிக்கிறான். ‘எங்கோ தூரதேசத்திலே நடப்பதை நாங்கள் எப்படிக் கண்காணிப்பது?’ என்று அவன் கைவிரிப்பது எல்லாம் தைப்பவளின் விஷயம் வரும்போதுதான்!

ஹெய்ட்டியிலே நடந்தது

இனி ஹெய்ட்டிக்கு வாருங்கள். அமெரிக்காவுக்குத் தெற்கே கரீபியன் கடலிலே இருக்கும் சின்னஞ்சிறு நாடு. 1804ஆம் ஆண்டிலே, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்கள் பிரெஞ்சுப் பட்டாளத்தைத் தோற்கடித்துத் தாங்களே சுதந்திரம் கண்ட வீர பூமி. அந்த பூமியைக் கூலிக் களமாக்கினார்கள். 1970களிலும் 80களிலும் அமெரிக்கர் ஆடும் பேஸ்பால் பந்துகளை உலகிலேயே அதிகமாகத் தைத்த நாடு அதுதான். தாங்கள் ஆடாத ஆட்டத்துக்குப் பந்து தைத்தார்கள் அந்த மக்கள். பிறகு பந்துக் கம்பெனி வேறு நாட்டுக்குப் போயிற்று. பனியனும் டி-ஷர்ட்டும் தைக்கும் வேலை மிஞ்சியது.

2003 முதல் அங்கே ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி 70 கூர்ட். அமெரிக்கக் கணக்கிலே இரண்டு டாலருக்கும் குறைவு. 2008இல் அரிசி விலை ஏறி, பசி தாங்காமல் மக்கள் வீதிக்கு வந்தார்கள். 2009இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் கூலியை 200 கூர்டாக உயர்த்தத் தீர்மானித்தது. அதாவது சுமார் 5 டாலர். ஒரு மணிக்கு அல்ல தோழர்களே, ஒரு நாளைக்கு!

அதற்குத்தான் எதிர்ப்பு. ஹேன்ஸ், ஃப்ரூட் ஆஃப் தி லூம், லீவைஸ் ஆகிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஒப்பந்த ஆலை முதலாளிகள் கூக்குரலிட்டார்கள். அமெரிக்கத் தூதரகம் அவர்களோடு கைகோத்து வேலை செய்தது. இது நம் கற்பனை அல்ல. தூதரகமே வாஷிங்டனுக்கு அனுப்பிய இரகசியத் தந்திகள் விக்கிலீக்ஸ் வழியாக வெளிவந்து, 2011 ஜூனிலே ‘தி நேஷன்’, ‘ஹெய்ட்டி லிபர்ட்டே’ பத்திரிகைகளில் பிரசுரமாயின. 200 கூர்ட் என்பது பொருளாதார யதார்த்தத்துக்கு ஒவ்வாதது, வேலையற்ற ஏழைகளைக் கவரச் செய்யும் காரியம் என்ற பாணியிலே தூதரக அதிகாரி எழுதியிருந்தார்.

மாணவர்களும் தொழிலாளர்களும் தலைநகர் வீதிகளிலே போராடினார்கள். கண்ணீர்ப்புகை வீசினார்கள். கடைசியிலே ஜனாதிபதி ப்ரெவால் ஒரு சமரசம் செய்தார்: மற்றத் தொழில்களுக்கு 200 கூர்ட்; வெளிநாட்டுக்குத் தைக்கும் ஆடை ஆலைகளுக்கு மட்டும் 125 கூர்ட். சுமார் 3 டாலர். தைப்பவளின் தட்டிலிருந்து தினம் ஏறக்குறைய 2 டாலர் பறிபோயிற்று.

கணக்குப் போடுவோம். ஹெய்ட்டியில் ஹேன்ஸ் கம்பெனிக்காகத் தைத்தவர்கள் சுமார் 3,200 பேர் என்று அப்போது அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. ஆளுக்கு நாளொன்றுக்கு 2 டாலர் கூடுதல் என்றால், ஆண்டுக்கு 250 வேலை நாளுக்கு 16 லட்சம் டாலர். அந்தக் கம்பெனியின் 2010ஆம் ஆண்டு விற்பனை சுமார் 430 கோடி டாலர்; நிகர லாபம் சுமார் 21 கோடியே 10 லட்சம் டாலர். நூறு டாலர் லாபத்திலே முக்கால் டாலரை எடுத்துவைத்தால் 3,200 குடும்பங்களின் கூலிக்குப் போதும். லாபத்திலே கைவைக்காமல், ஒரு வீரரின் புகழுக்காகச் செலவிடும் விளம்பரப் பணத்திலே கொஞ்சம் கிள்ளினாலும் போதாதா?

‘கட்டுப்படியாகாது’ என்றார்கள். பெயருக்குக் கொடுக்கக் கட்டுப்படியாகிறது. கூலிக்குக் கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை!

இரண்டு கணக்குப் புத்தகம்

இது எப்படிச் சாத்தியமாகிறது? சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு தோழரும் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே ஜட்டிக்கு இரண்டு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். முதல் புத்தகம் மார்க்குக்காரனுடையது. அதிலே வீரனின் ஒப்பந்தம், டெலிவிஷன் விளம்பரம், கடை வாடகை, லாபம் எல்லாம் இருக்கும். தையல்காரியின் பெயர் மட்டும் இராது. இரண்டாவது புத்தகம், வெகு தொலைவிலே இருக்கும் ஒப்பந்த ஆலைக்காரனுடையது. அதிலே நூல், சாயம், எலாஸ்டிக், கூலி இருக்கும். வீரனின் பெயர் இராது.

ஆலைக்காரனிடம் போய்க் கூலி கேட்டால், ‘மார்க்குக்காரன் பீஸுக்கு இவ்வளவுதான் தருகிறான், நான் எங்கே போவது?’ என்பான். மார்க்குக்காரனிடம் போனால், ‘அவள் எங்கள் தொழிலாளி அல்லவே, எங்களுக்கு ஆலையே கிடையாதே’ என்பான். இரண்டு கதவுக்கும் நடுவிலே நிற்பவள் தொழிலாளி. எந்தக் கதவைத் தட்டினாலும் ‘அடுத்த வீடு’ என்ற பதில்!

வீரனோடு மார்க்குக்காரன் நேராக உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறான். எத்தனை நாள் படம் எடுக்க வர வேண்டும், எந்தப் போட்டிக் கம்பெனியின் சரக்கை அணியக்கூடாது என்று வரிக்கு வரி எழுதுகிறான். தையல்காரியோடு கையெழுத்து என்றால் மட்டும் பேனாவிலே மை வற்றிவிடுகிறது.

நாம் கேட்பது இதுதான்: வீரனோடு கையெழுத்துப் போடும் அதே பேனா, தைப்பவளின் சங்கத்தோடும் கையெழுத்துப் போடட்டும்!

வயிற்றெரிச்சலா?

‘வீரன் திறமையால் சம்பாதிக்கிறான். அதைப் பார்த்து உங்களுக்கு ஏன் வயிற்றெரிச்சல்?’ என்று கேட்கும் கனவான்கள் உண்டு.

வயிற்றெரிச்சல் நமக்கில்லை. வயிற்றிலே ஈரத்துணி கட்டிக்கொண்டு ஓடிப் பழகி முன்னுக்கு வந்த வீரர்கள் எத்தனையோ பேர். அவர்களிலே பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். கறுப்பின மக்களின் பிள்ளைகள். தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் உடலே அவர்கள் மூலதனம். முழங்கால் போனால் பிழைப்பு போயிற்று. முப்பத்தைந்து வயதிலே முதுமை வந்துவிடும் தொழில் அது. அவர்களும் ஒருவகையிலே உழைப்பை விற்பவர்களே. அவர்கள் பெறும் பணத்தைப் பிடுங்கித் தா என்று நாம் கேட்கவில்லை.

நாம் கேட்பது அவர்கள் குரலை. எந்த மார்க்குக்குத் தம் முகத்தைக் கொடுக்கிறார்களோ, அந்த மார்க்கைத் தைக்கும் கைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? ஒப்பந்தத்திலே நூறு நிபந்தனை போடுகிறான் கம்பெனிக்காரன். நூற்றோராவது நிபந்தனையாக, ‘என் பெயரைத் தாங்கும் துணியைத் தைப்பவருக்குச் சங்கம் வைக்கும் உரிமை வேண்டும்’ என்று வீரன் போடக்கூடாதா?

வீரர்களால் இது முடியாது என்பவர்களுக்கு 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கை நினைவூட்டுவோம். 200 மீட்டர் ஓட்டத்திலே முதலாவதும் மூன்றாவதுமாக வந்த அமெரிக்கக் கறுப்பின வீரர்கள் டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ். பரிசு மேடையிலே கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தினார்கள். தம் மக்களின் வறுமையைக் காட்டக் காலணியின்றிக் கறுப்புக் காலுறையோடு நின்றார்கள். கார்லோஸ் தம் மேற்சட்டையின் முன்பக்கத்தைத் திறந்துவிட்டுக்கொண்டார். உடலுழைப்புத் தொழிலாளர்களோடு தமக்குள்ள ஒற்றுமைக்காக அப்படிச் செய்ததாகப் பின்னாளிலே அவரே சொன்னார். போட்டியிலிருந்து அவர்களை வெளியேற்றினார்கள். பல ஆண்டுகள் அவர்கள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. ஆயினும் அந்த உடல்கள் அன்று விளம்பரம் செய்தது மனித மானத்தை! அதற்கு எந்தக் கம்பெனியும் காசு கொடுக்கவில்லை.

ஹோண்டுராஸ் காட்டிய வழி

‘வெள்ளைக்காரக் கம்பெனி, தூரதேசத்து ஆலை, ஏழைப் பெண்கள், இவர்களால் என்ன செய்ய முடியும்?’ என்று தோழர்கள் சோர்ந்துவிடக்கூடாது. செய்து காட்டியிருக்கிறார்கள்.

மத்திய அமெரிக்காவிலே ஹோண்டுராஸ் நாடு. அங்கே சோலோமா நகரிலே ‘ஜெர்சீஸ் தெ ஹோண்டுராஸ்’ என்ற ஆலை. ரஸ்ஸல் என்ற விளையாட்டு உடை மார்க்குக்குச் சொந்தம். ரஸ்ஸலின் எஜமானன், ஜட்டி பனியனுக்குப் பேர்போன ஃப்ரூட் ஆஃப் தி லூம் கம்பெனி. அதற்கும் மேலே எஜமானன், உலகக் கோடீஸ்வரர்களில் ஒருவரான வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்தவே! இத்தனை அடுக்கு மாடிக்குக் கீழே தைத்துக்கொண்டிருந்தவர்கள் சுமார் 1,200 தொழிலாளிகள்.

அவர்கள் சங்கம் வைத்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். 2009 ஜனவரியிலே ஆலையையே மூடிவிட்டது கம்பெனி. வியாபார மந்தம் என்றது. விசாரித்த தொழிலாளர் உரிமை அமைப்போ, சங்கத்தின்மீதுள்ள பகையே முக்கிய காரணங்களில் ஒன்று என்று கண்டது.

தொழிலாளர்கள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. சங்கப் பிரதிநிதிகள் அமெரிக்காவுக்கே போனார்கள். கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் பெயர் பொறித்த விளையாட்டு உடைகளை ரஸ்ஸலிடமும் வாங்கின. மாணவர்கள் எழுந்தார்கள். ‘எங்கள் கல்லூரியின் பெயர் இந்த அநியாயத்தின்மீது இருக்கக்கூடாது’ என்றார்கள். ஏறக்குறைய நூறு பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தத்தை முறித்தன அல்லது நிறுத்தின. கூடைப்பந்து இறுதிப் போட்டி நடந்த மைதான வாசல்களிலேயே மாணவர்கள் மறியல் செய்தார்கள். அந்தக் கூடைப்பந்துச் சங்கத்தின் பெயரைப் பயன்படுத்தும் உரிமையும் ரஸ்ஸலிடம் இருந்தது அல்லவா? ஆணி வேரிலேயே கைவைத்தார்கள்!

2009 நவம்பரிலே கம்பெனி பணிந்தது. 1,200 பேருக்கும் மீண்டும் வேலை. புது ஆலை திறக்கச் சம்மதம். ஹோண்டுராஸிலே தனக்குள்ள மற்ற ஆலைகளிலும் சங்கம் வைப்பதை எதிர்ப்பதில்லை என்ற வாக்குறுதி. புதிய ஆலைக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘நுவேவோ தியா’. புதிய நாள் என்று பொருள்! அந்த ஆண்டிலேதான் ஹோண்டுராஸிலே இராணுவம் புரட்சி செய்து ஜனாதிபதியை நாடு கடத்தியிருந்தது. துப்பாக்கி நிழலிலே நின்று வென்றார்கள் அந்தத் தொழிலாளர்கள்.

வென்றது எதனால்? தைப்பவளின் கணக்குப் புத்தகத்தைப் பெயருக்குரிய கணக்குப் புத்தகத்தோடு முடிச்சுப் போட்டதனால். கூலிக்காக ஆலை வாசலில் நின்றால் காது கேளாத கம்பெனிக்கு, தன் மார்க்கின் பெயர் கெடும் என்றதும் காது கேட்டது.

நம் வாசலிலே

இது எங்கோ நடக்கும் கதையா? நம் வாசலுக்கு வந்து பாருங்கள். இந்தியா ஏற்றுமதி செய்யும் பின்னலாடையிலே பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. கட்டிங் மேஜையிலும், ஓவர்லாக் மிஷினிலும், செக்கிங்கிலும், அயர்ன் டேபிளிலும் நிற்பவர்கள் நம் மக்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தோழர்களும் இன்று அங்கே நம்மோடு தோளோடு தோள் நிற்கிறார்கள். 1984ஆம் ஆண்டிலே பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊர் அது. அந்த ஊர்த் தொழிலாளிக்கு நாம் போராட்டப் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அண்மையிலே நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒன்றை ஒவ்வொரு கிளைச் சங்கமும் படித்தறிய வேண்டும். எச் அண்ட் எம் கம்பெனிக்குத் தைத்துக்கொண்டிருந்த திண்டுக்கல் மாவட்ட ஆலை ஒன்றிலே வேலை செய்த இளம் தலித் சகோதரி 2021 ஜனவரியிலே கொலையுண்டாள். அந்த ஆலையின் கண்காணிப்பாளன் கைதானான். ஆலைக்குள்ளே பெண்கள் அனுபவித்துவந்த தொல்லைகள் அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தன. பெக்காமின் பெயரால் உள்ளாடை விற்ற கம்பெனிக்கு நம் பெண்பிள்ளைகளின் பெயர் அன்றுதான் காதிலே விழுந்தது!

தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் சங்கம், விட்டுவிடவில்லை. ஆசியத் தொழிலாளர் கூட்டமைப்பையும் அமெரிக்கத் தோழமை அமைப்பையும் சேர்த்துக்கொண்டு போராடியது. 2022 ஏப்ரலிலே ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தாயிற்று. ஆலை முதலாளி மட்டுமல்ல, மார்க்குக்காரனான எச் அண்ட் எம்மும் கையெழுத்திட்டான். பிறகு கேப் கம்பெனியும், கால்வின் கிளைனுக்கும் டாமி ஹில்ஃபிகருக்கும் எஜமானனான பிவிஎச் கம்பெனியும் கையெழுத்திட்டன. லியுங்பெரியையும் நடாலையும் ஜட்டியோடு நிற்க வைத்த மார்க்குகளின் எஜமானன், திண்டுக்கல் பெண்களின் சங்கத்தோடு ஒரே காகிதத்திலே கையெழுத்திட்டான் என்றால் சிறு காரியமா?

அதிலே என்ன எழுதினார்கள்? ஆலைத் தளத்திலேயே சங்கம் தேர்ந்தெடுத்த பெண் தொழிலாளிகள் தொல்லைகளைக் கவனித்துச் சொல்வார்கள். புகாரை வெளியார் விசாரிப்பார்கள். புகார் சொன்னவளைப் பழிவாங்கக்கூடாது. ஆலை மீறினால், மார்க்குக்காரன் ஆர்டரிலே கைவைத்துத் திருத்த வேண்டும். முதலாண்டிலே 185 புகார்கள் எழுந்தன, 182 தீர்க்கப்பட்டன. கூலிப் பிரச்னை முழுதும் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ‘அவள் எங்கள் தொழிலாளி அல்லவே’ என்ற பழைய பல்லவி அந்தக் காகிதத்திலே செத்தது. இரண்டு கணக்குப் புத்தகங்களும் ஒரே நூலிலே தைக்கப்பட்டன. தைத்தவர்கள் நம் சகோதரிகள்.

செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, மூன்று காரியங்கள் நம் முன்னே நிற்கின்றன.

முதலாவது: ஒவ்வொரு பனியன் கம்பெனியிலும், எந்தெந்த மார்க்குக்குத் தைக்கிறோம் என்பதைத் தொழிலாளர்களே குறித்துவையுங்கள். கழுத்துச் சீட்டிலே இருக்கும் பெயர் வெறும் பெயர் அல்ல. அது ஒரு விலாசம். நம் கோரிக்கை போய்ச் சேர வேண்டிய விலாசம். அந்த மார்க்கின் விளம்பரத்திலே எந்த வீரர் நிற்கிறார் என்பதையும் குறித்துவையுங்கள். அவருக்கும் ஒரு கடிதம் போகட்டும்.

இரண்டாவது: சங்கம் கேட்கும் ஒப்பந்தத்திலே இனி ஆலை முதலாளியின் கையெழுத்தோடு நில்லாமல், மார்க்குக்காரனின் கையெழுத்தையும் கேளுங்கள். திண்டுக்கல்லிலே முடிந்தது திருப்பூரிலே முடியாதா? ஈரோட்டிலே முடியாதா? தொல்லை தீர்க்கக் கையெழுத்திட்டவன் கூலி உயர்த்தவும் கையெழுத்திடட்டும்.

மூன்றாவது: கல்லூரியிலே படிக்கும் நம் பிள்ளைகளுக்கும், கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் மனத்தைப் பறிகொடுத்த இளைஞர்களுக்கும் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஆட்டத்தை ரசிக்க வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நன்றாக ரசிக்கட்டும். வீரனைக் கைதட்டிப் பாராட்டட்டும். ஆனால் அவன் இடுப்பிலே மின்னும் பெயரைப் பார்க்கும்போது, அந்தப் பட்டியை வைத்துத் தைத்த கை எது, அதற்குக் கிடைத்த கூலி என்ன என்று கேட்கப் பழகட்டும். ஹோண்டுராஸ் தொழிலாளிக்கு அமெரிக்க மாணவன் கேட்ட கேள்வியை, திருப்பூர்த் தொழிலாளிக்கு அவள் வீட்டுப் பிள்ளையே கேட்கக்கூடாதா?

பெயருக்குக் கோடி கொடுக்கட்டும். நாம் தடுக்கவில்லை. கோடி கொடுக்கும் கை, தைத்தவளைத் தெருக்கோடியிலே நிறுத்திவிட்டு ‘எனக்கும் இவளுக்கும் சம்பந்தமில்லை’ என்று சொல்வதைத்தான் இனி அனுமதிக்கமாட்டோம். சம்பந்தம் உண்டு. அதை எழுத்திலே வாங்குவோம். கையெழுத்தோடு வாங்குவோம்!